பிள்ளையின் பெயரில் ஒரு குட்டி ஊர்

தி ஹேக் நகரத்திலும் சுற்றுவட்டாரத்திலும் இருக்கும் நம் ஆட்களுக்கு மதுரோடாம் என்றால் ஊரிலிருந்து வரும் விருந்தாளிகளைக் கூட்டிப்போகிற இடம். வசந்த காலம் என்றால் துலிப் தோட்டம், வெயில் அடித்தால் ஸ்கெவனிங்கன் கடற்கரை, கூடக் குழந்தைகள் இருந்தால் மதுரோடாம். நெதர்லாந்தின் பேர்போன கட்டடங்கள் எல்லாம் 1:25 அளவில் சுருங்கி ஒரே தோட்டத்துக்குள் நிற்கும். குழந்தைகள் ஓடும், நாம் பின்னால் ஓடுவோம், போட்டோ எடுப்போம், திரும்பி வந்து ரசம் சாதம் சாப்பிடுவோம். இவ்வளவுதான் வழக்கம். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது, அத்தான் வந்து அந்த ஒரு கேள்வியைக் கேட்கும்வரை.

நுழைவுப் பக்கம் ஜார்ஜ் மதுரோ பற்றிய நினைவு வாசகம் இருக்கிறது. பலரும் தாண்டிப் போய்விடுவார்கள். அத்தான் எதையும் நின்று படிக்கிற மனிதர், கோயிலுக்குப் போனாலும் கல்வெட்டைத் தடவிப் பார்க்காமல் வரமாட்டார். படித்துவிட்டு என்னிடம் விவரம் கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் நடந்தார். அப்புறம் சொன்னார்: “பெத்த பிள்ளை வதைமுகாம்ல செத்துப் போயிருக்கான். அவன் பேர்ல பொம்மை ரயில் ஓட்டணும்னு எப்படிப்பா மனசு வந்துச்சு?” அவர் குத்தலாகச் சொல்லவில்லை. அப்பாவின் திதியை ஒரு வருஷம்கூடத் தவறவிடாதவர் அவர். இறந்தவர்களுக்குச் செய்ய வேண்டியதைச் செய்தாக வேண்டும், அதற்கு ஓர் அடக்கம் வேண்டும் என்று உறுதியாக நம்புகிறவர். அவர் கேட்டது நியாயமான கேள்வி. அவர் ஊருக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் எனக்கு அது அடங்கவில்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியோடு நான் மல்லுக்கட்டியதுதான்.

ஒரே மகன்

ஜார்ஜ் மதுரோ 1916 ஜூலையில் கரீபியக் கடலில் இருக்கும் குரசாவ் தீவில், வில்லம்ஸ்டாட் நகரில் பிறந்தவர். குரசாவ் அன்றைக்கு நெதர்லாந்தின் காலனி. மதுரோ குடும்பம் அந்தத் தீவின் பழைய யூதக் குடும்பங்களில் ஒன்று. ஸ்பெயினிலிருந்தும் போர்ச்சுக்கலிலிருந்தும் மதத்தின் பேரால் விரட்டப்பட்டு, ஆம்ஸ்டர்டாம் வழியாக அங்கே போய்ச் சேர்ந்த வம்சாவளி அது. 1732-ல் அவர்கள் கட்டிய ஜெப ஆலயம் வில்லம்ஸ்டாடில் இன்றும் வழிபாட்டில் இருக்கிறது. தரை முழுக்க மணல் பரப்பியிருப்பார்கள். மதுரோ என்ற பெயரில் 1837-லிருந்தே அங்கே வியாபார நிறுவனம் உண்டு. கப்பல், வங்கி என்று அந்தப் பெயர் தீவெங்கும் தெரிந்த பெயர். அந்த வீட்டின் ஒரே ஆண் வாரிசு ஜார்ஜ்.

படிப்புக்காகச் சின்ன வயதிலேயே நெதர்லாந்துக்கு அனுப்பினார்கள். லைடன் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தார். குதிரைப்படையில் ரிசர்வ் அதிகாரியாகவும் பயிற்சி பெற்றிருந்தார். 1940 மே 10 அதிகாலையில் ஜெர்மானியர்கள் தி ஹேக்கைச் சுற்றியிருந்த விமானத் தளங்களில் பாராசூட் வீரர்களை இறக்கினார்கள். அரசியையும் அரசாங்கத்தையும் ஒரே நாளில் வளைத்துப் பிடித்துவிடலாம் என்பது திட்டம். நகரை ஒட்டியிருந்த டோரபால் என்கிற வில்லாவில் எதிரிகள் புகுந்துகொண்டார்கள். ஜார்ஜ் தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு, குண்டு மழைக்கு நடுவே போய் அந்த வீட்டைக் கைப்பற்றினார். வயது 23. சட்டப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுப் போன மாணவர் அவர்.

ஆனாலும் சில நாட்களிலேயே நாடு சரணடைந்தது. ஜார்ஜைப் பிடித்து ஸ்கெவனிங்கன் சிறையில் போட்டார்கள். வெளியே விட்ட பிறகு, யூதர்கள் மஞ்சள் நட்சத்திரம் அணிய வேண்டும் என்ற உத்தரவு வந்தபோது அணிய மறுத்துத் தலைமறைவானார். சுட்டு வீழ்த்தப்பட்ட நேச நாட்டு விமானிகளை ஸ்பெயின் பக்கம் தப்பவைக்கிற வேலையில் ஈடுபட்டார். மறுபடி பிடிபட்டார். ஜெர்மனியில் சார்ப்ரூக்கன் சிறை, அங்கிருந்து நாஜிகளின் டாகாவ் வதைமுகாம். 1945 பிப்ரவரியில் டைபஸ் காய்ச்சலில் இறந்துபோனார். ஏப்ரல் 29 அன்று அமெரிக்கப் படைகள் முகாமுக்குள் நுழைந்தன. மூன்று மாதம்கூட இல்லை. அடுத்த வருஷம் நாட்டின் மிக உயர்ந்த வீர விருதான வில்லியம் ராணுவ விருதை அவருக்கு மறைவுக்குப் பின் கொடுத்தார்கள்.

இதையெல்லாம் நான் விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இப்படி ஒரு மகனை இழந்தவர்கள் சிலை வைத்திருந்தால் யாரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். விருது இருந்தது, வீரக்கதை இருந்தது, வசதியும் இருந்தது. குதிரைமேல் உட்கார்ந்த வெண்கலச் சிலையே வைத்திருக்கலாம்.

ஓர் அம்மாள் தேடிய முதல்

அதே காலத்தில் நெதர்லாந்தில் வேறொரு கவலை ஓடிக்கொண்டிருந்தது. பட்டினியும் போரும் முடிந்த கையோடு காசநோய் பரவியிருந்தது. நோய் வந்த கல்லூரி மாணவர்கள் மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்து படிப்பையே தொலைத்துக்கொண்டிருந்தார்கள். சிகிச்சையும் எடுக்கலாம், படிப்பையும் விடவேண்டாம் என்று லாரன் என்ற ஊரில் மாணவர்களுக்கென்றே ஒரு சானடோரியம் நடந்தது. அதற்குப் பணம் வேண்டும். நன்கொடைத் தட்டை எத்தனை தடவை நீட்டமுடியும்? நிலையாக வருமானம் வர ஏதாவது வழி உண்டா என்று யோசித்தவர் போன்-வான் டெர் ஸ்டார்ப் என்ற அம்மையார்.

இங்கிலாந்தில் பீகன்ஸ்ஃபீல்டு என்ற ஊரில் பெகன்ஸ்காட் என்று ஒரு குட்டி கிராமம் இருப்பது அவருக்குத் தெரியவந்தது. ரோலண்ட் காலிங்ஹாம் என்ற லண்டன் கணக்காளர் தன் வீட்டுத் தோட்டத்தில் விளையாட்டாக ஆரம்பித்து, 1929-ல் மக்களுக்குத் திறந்துவிட்ட கிராமம் அது. வீட்டுக்குள் ஓடிய பொம்மை ரயிலைப் பொறுக்கமாட்டாமல் மனைவி ‘ஒன்று இது இருக்கட்டும், இல்லை நான் இருக்கிறேன்’ என்று சொல்ல, ரயில் தோட்டத்துக்குப் போயிற்று, ரயிலுக்குத் துணையாக ஊர் வந்தது என்று ஒரு கதை உண்டு. எலிசபெத் அரசி சின்னப் பெண்ணாக இருந்தபோது 1934-ல் பாட்டியோடு அங்கே வந்து பார்த்திருக்கிறார். நமக்கு வேண்டியது வேறு: அங்கே வசூலாகும் பணம் லண்டன் மருத்துவமனைக்குப் போய்க்கொண்டிருந்தது. குழந்தைகள் பார்த்து மகிழ்கிற ஒரு குட்டி ஊர் நோயாளிகளுக்குச் சோறு போடும் என்பதற்கு அதுதான் கண்ணெதிரே இருந்த சான்று.

யோசனை கிடைத்துவிட்டது, முதல் போட ஆள் வேண்டும். அந்தப் பணத்தைக் கொடுத்தவர்கள் ஜார்ஜின் அப்பா அம்மா. தங்கள் ஒரே மகனின் நினைவாக.

இந்த இடத்தில்தான் நான் ரொம்ப நாள் நின்றுகொண்டிருந்தேன். உலகத்தில் குட்டி ஊர்கள் நிறைய உண்டு. அவற்றில் பல ஏதோ ஒரு குடும்பத்தின் ஆசையில் பிறந்தவைதான். அமெரிக்காவின் கொலராடோவில் ஜார்ஜ் டர்னர் என்பவர் 1915-ல் மகள் விளையாடட்டும் என்று குட்டி வீடுகளைக் கட்ட ஆரம்பித்தார், அது டைனி டவுன் ஆயிற்று. பிரேசிலின் கிராமாடோ ஊரில் இருக்கும் மினி முண்டோவும் ஒரு தாத்தா பேரப்பிள்ளைகளுக்காகச் செய்ததிலிருந்து வளர்ந்ததுதான். எல்லாமே கண்முன்னே ஓடியாடுகிற பிள்ளைகளுக்காகக் கட்டியவை. மதுரோ தம்பதி பணம் கொடுத்த ஊரில் ஓடியாட அவர்கள் பிள்ளை இல்லை. அதைவிட முக்கியமாக, அந்த ஊரை யோசித்தவர்களும் அவர்கள் இல்லை. முன்பின் சம்பந்தமில்லாத ஓர் அம்மாள் வேறு யாருடைய பிள்ளைகளுக்காகவோ போட்ட திட்டம். அதில் தங்கள் துக்கத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். என் மகன் கதையை இப்படிச் சொல்லுங்கள், அவன் உருவத்தை நடுவில் வையுங்கள் என்று ஊரையே அவனைச் சுற்றிக் கட்டச் சொல்லியிருக்கலாம். கட்டி முடித்ததும் அந்த ஊருக்குக் கிடைத்த அடைமொழி ‘புன்னகை பூத்த ஊர்’. டாகாவில் இறந்தவனின் நினைவிடத்துக்கு அப்படி ஒரு பெயர்! அத்தான் இதைக் கேட்டிருந்தால் இன்னும் கொதித்திருப்பார்.

நோயில் கிடந்து படிப்பை இழக்கிற மாணவர்களுக்குப் பணம் போகிறது. அவர்கள் மகனும் படிப்பை முடிக்காமல் போனவன்தான். இதை அந்தப் பெற்றோர் யோசித்திருப்பார்களா, மாட்டார்களா? யோசித்திருப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பிள்ளை பெற்றவர்களுக்கு இந்தக் கணக்கை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

1952 ஜூலை 2

சீபே யான் பௌமா என்கிற கட்டடக் கலைஞர் ஊரை வடிவமைத்தார். 1952 ஜூலை 2 அன்று திறந்தார்கள். ரோட்டர்டாம் குண்டுவீச்சில் தரைமட்டமாகி அப்போதுதான் எழுந்துகொண்டிருந்தது. நிஜமான ஊர்களில் புதுமணத் தம்பதிக்கு வாடகை வீடு கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்த காலம். அந்த நேரத்தில் தி ஹேக்கில் குனிந்து பார்க்கிற உயரத்தில் ஒரு முழு ஊர் எழுந்து நின்றது, கோயில், கால்வாய், ரயில், துறைமுகம் எல்லாம் அடக்கம்.

குட்டி ஊருக்கு மேயராக 14 வயது இளவரசி பியாட்ரிக்ஸைப் போட்டார்கள். 1980-ல் அவர் நாட்டுக்கே அரசியாகும்வரை அந்தப் பதவியில் இருந்தார். தி ஹேக் பள்ளி மாணவர்களைக் கொண்ட நகர்மன்றமும் அதற்கு உண்டு, பிற்பாடு மேயரும் அவர்களிலிருந்தே வந்தார்கள். சும்மா அலங்காரத்துக்கு என்று இதை ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. பெரியவர்கள் நடத்திய போரில் போன ஒருவனின் பெயரால் அமைந்த ஊர், அதன் நிர்வாகம் பிள்ளைகள் கையில். நன்றாக யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள்.

1:25 என்பதைத் தாளில் படித்தால் ஒன்றும் தெரியாது. பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஐந்தரை அடி ஆள் ஏழு சென்டிமீட்டர்கூட இருக்க மாட்டான், என் சுண்டுவிரலைவிடக் கொஞ்சம் பெரியவன். உட்ரெக்டின் டோம் கோபுரம் நிஜத்தில் 112 மீட்டர், இங்கே நாலரை மீட்டர், அண்ணாந்துதான் பார்க்கணும். மரங்கள் பொம்மை இல்லை, உயிருள்ள மரங்கள். வீட்டுக்குத் தக்க அளவில் நிற்கும்படி வெட்டி வெட்டி வளர்க்கிறார்கள். ஒரு வசந்த காலம் கத்தரிக்காமல் விட்டால் ஊரின் அளவே கெட்டுப்போகும். அதனால் தோட்டக்காரர்களுக்கு ஓய்வே கிடையாது. மழையிலும் வெயிலிலும் நிற்கிற கட்டடங்களைப் பட்டறைக்குக் கொண்டுபோய்ப் பூச்சு பூசி மறுபடி கொண்டுவந்து வைப்பார்கள். மரச்செருப்புத் தொழிற்சாலை ஒன்று உண்டு. காசு போட்டால் குட்டி லாரி கிளம்பி வந்து, விரல்நுனி அளவு மரச்செருப்பைக் கொடுத்துவிட்டுப் போகும். எங்கள் பெரியவனுக்கு அதுதான் உயிர். அந்த லாரி வளைவில் திரும்பும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பான்.

பெரியம்மா சொன்னது

அத்தான் வந்துபோன பிறகு பெரியம்மா வந்தார். புதுக்கோட்டைப் பக்கம், மானாவாரிக் காடு. இளவயதில் விறகுக்கட்டைத் தலையில் சுமந்து சந்தைக்கு நடந்தவர். மதுரோடாமில் குட்டி மனிதர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தார், பேரனை விட்டுவிட்டு அவரே லாரிக்குக் காசு போட்டார். உட்கார்ந்து காப்பி குடிக்கும்போது ஜார்ஜ் கதையைச் சொன்னேன். அத்தான் கேட்டதையும் சொன்னேன், அவர் என்ன சொல்கிறார் பார்ப்போம் என்று.

பெரியம்மா முதலில் கேட்டது: “டிக்கெட் காசெல்லாம் எங்கய்யா போவுது?”

மாணவர் சானடோரியத்துக்காக ஆரம்பித்தது, காசநோய்க்கு மருந்து வந்து அந்தத் தேவை குறைந்த பிறகு பிள்ளைகளுக்கான வேறு நற்காரியங்களுக்குப் போகிறது என்றேன். தலையாட்டினார். “அப்ப இது சுமதாங்கிக் கல்லுதான்” என்றார்.

எனக்கு உடனே விளங்கவில்லை. அவர் சொன்னார். அவர்கள் ஊரிலிருந்து சந்தைக்குப் போகும் வழியில் ஒரு சுமைதாங்கி இருந்தது. இரண்டு கல்லை நட்டு, மேலே குறுக்கே ஒரு கல், தலைச்சுமையை யார் உதவியும் இல்லாமல் அதன்மேல் சரித்துவிட்டு நிமிரலாம். கர்ப்பத்தோடு செத்துப்போன பெண்ணுக்காக அவள் வீட்டார் நட்டு வைப்பது. இறக்கிவைக்க முடியாத சுமையோடு போனவள் பெயரால் போகிறவர் வருகிறவர் எல்லாம் சுமையை இறக்கிக்கொள்ளட்டும் என்று. “யாரு, எவருன்னு எங்களுக்குத் தெரியாது. எங்க ஆத்தாளுக்கும் தெரியாது. வெறகை எறக்கி வச்சுட்டு வெத்தலை போடுவோம், ஊர்க்கதை பேசிச் சிரிப்போம். அந்தப் பொண்ணு கோவிச்சுக்கிட்டாளா?”

அதற்கு மேல் அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. காப்பி ஆறிவிட்டது என்று குறைப்பட்டுக்கொண்டார். ஆனால் அத்தானின் கேள்விக்கு அந்தக் காப்பி மேசையில்தான் எனக்குப் பதில் கிடைத்தது. அத்தான் கேட்டது, நினைவிடத்தில் எப்படிச் சிரிப்பது என்பது. பெரியம்மாவுக்கு அது கேள்வியே இல்லை. அந்த இடத்தில் யாருக்கு எது இலேசாகிறது என்பதுதான் அவர் பார்த்தது. சுமைதாங்கியை வணங்கிவிட்டுப் போகச் சொல்லி யாரும் நடவில்லை. முதுகு நிமிரட்டும் என்று நட்டார்கள்.

இரண்டும் முழுக்க ஒன்றில்லைதான். சுமைதாங்கியில் டிக்கெட் கிடையாது, பெயர்ப்பலகை கிடையாது. மதுரோடாமில் பெயர் வாசலிலேயே இருக்கிறது. வசதியான குடும்பத்துப் பெயர் என்பதால் அது நிலைத்தது, டாகாவில் ஜார்ஜோடு காய்ச்சலில் கிடந்து செத்த மற்றவர்களுக்கு ஊரும் இல்லை பேரும் இல்லை என்று யாராவது சொன்னால் அதையும் மறுக்க மாட்டேன். அந்தக் குறை மனதில் கிடக்கத்தான் செய்கிறது. ஆனால் பெயரைத் தங்களுக்கென்று வைத்துக்கொள்ளாமல், வேறொரு பிள்ளையின் மருந்துச் செலவுக்குக் கொடுத்தார்களே, அந்த மனதின் முன்னால் எனக்கு வாதாட ஒன்றும் இல்லை.

பிறந்த வீடு

திறந்து நாற்பது வருஷம் வரைக்கும் அந்த ஊரில் ஜார்ஜுக்கு ஒரு வீடு இல்லை. நாடாளுமன்றம் இருந்தது, ஸ்கிப்போல் விமான நிலையம் இருந்தது, பாலாடைக்கட்டிச் சந்தை இருந்தது. 1993-ல்தான் வில்லம்ஸ்டாடில் அவர் பிறந்த வீட்டை 1:25 அளவில் செய்து வைத்தார்கள். நான் இப்போது யாரைக் கூட்டிப்போனாலும் அங்கே நிறுத்துகிறேன். சுற்றிலும் வடகடல் நாட்டின் செங்கல் வீடுகள் நெருக்கியடித்து நிற்க, நடுவில் வெப்பநாட்டு வீடு ஒன்று. குளிரில் நடந்து வந்து அதைப் பார்க்கும்போது, பையன் எவ்வளவு தூரத்திலிருந்து படிக்க வந்திருக்கிறான் என்பது எந்த வரைபடத்தைவிடவும் நன்றாகப் புரிகிறது. கடல் தாண்டிப் பிள்ளையைப் படிக்க அனுப்புவது என்ன என்று நம் வீடுகளுக்குத் தெரியும்.

பெகன்ஸ்காட் காரர்கள் 1992-ல் ஒரு முடிவெடுத்தார்கள்: இடையில் சேர்த்த நவீனக் கட்டடங்களை எடுத்துவிட்டு, கிராமத்தை 1930-களின் தோற்றத்துக்கே திருப்பிவிடுவது என்று. அங்கே போனால் இன்றும் நீராவி யுகம்தான். அது அவர்கள் விருப்பம், அழகாகவும் இருக்கிறது. மதுரோடாம் அப்படி நிற்கவில்லை. 1953-ல் வெள்ளம் வந்து 1,800-க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. அதன்பின் நாடு கட்டிய கடலடைப்புகளில் பெரியதான, 1986-ல் திறந்த ஊஸ்டர்ஸ்கெல்டே தடுப்பணையும் இந்தக் குட்டி ஊருக்குள் வந்துவிட்டது. நாடு எதைக் கட்டினாலும் கொஞ்ச நாளில் அதில் ஒன்று இங்கே முளைக்கும். 28 வயதில் நின்றுபோன ஒருவனின் பெயரில் இருக்கிற ஊர் இப்படி வளர்ந்துகொண்டே போவதுதான் சரி என்று எனக்குப் படுகிறது.

அத்தானிடம் போனில் பெரியம்மா சொன்னதைச் சொன்னேன். சுமைதாங்கியைப் பற்றி அவருக்குத் தெரியாமலா இருக்கும், கல்வெட்டு மனிதராயிற்றே. கேட்டுக்கொண்டார். “இருந்தாலும் வாசல்லயே அந்தப் பையன் கதையைப் பெரிசா எழுதிப்போடணும்ப்பா, தெரிஞ்சுகிட்டு உள்ள போகட்டும்” என்றார். நான் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. குழந்தைகள் முதலில் லாரிக்குக் காசு போடட்டும். ரயில் பின்னால் ஓடட்டும். கதையைத் திரும்பி வரும்போது 9-ம் நம்பர் டிராமில் சொல்லிக்கொள்ளலாம். ஸ்டேஷன் வந்து சேர்வதற்குள் சொல்லி முடித்துவிடலாம், என் பையன்கள் கேள்வி கேட்காமல் இருந்தால். அவர்கள் கேட்பார்கள்.